சுவரில் ஒரு பழைய ‘லை’

வாட்ஸப்பில் அந்தப் படம் வந்தபோது ராத்திரி பத்தரை மணி. தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். பச்சைப் பின்னணியில் ஒரு மயில். பக்கத்தில் அரைமண்டியில் நிற்கும் பரதநாட்டியப் பெண். கீழே, ஆள் உயரத்துக்கு ‘வேலை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. முதலில் ‘வ’. அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு. பிறகு ‘ல’. அதற்கும் பின்னால் சங்கிலிக் கொம்பு. கல்யாண மண்டபத்து வாசலில் ஜோடி மாறிக் கிடக்கும் செருப்புகள்போல எழுத்துகள் கலைந்து கிடந்தன.

படத்துக்குக் கீழே ஒரு வரி: “டீச்சர், சுரங்கப்பாதைச் சுவருக்கான படம், சரியாக இருக்கிறதா? நாளைக் காலையில் அச்சுக்குப் போகிறது.”

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இது புதிதில்லை. விமான நிலையத்து வரவேற்புப் பலகையிலிருந்து கோயில் திருவிழா பேனர்வரை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். கணினிக்குள் ‘வே’ என்பது முதலில் ‘வ’, அடுத்து கொம்பு என்றுதான் பதிவாகிறது. அந்தக் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. படம் வடிவமைக்கும் மென்பொருளில் அதற்கான அமைப்பை மாற்றிவைக்காவிட்டால் அது பதிவான வரிசையிலேயே துப்பிவிடும். வடிவமைத்தவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்ணுக்கு எல்லாம் அழகான சுழிகள்தான். நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பழைய ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். லண்டனில் வரைபடங்கள் மாறிப்போய், கனடாவின் டொராண்டோவுக்குப் போட்ட கூரை டர்பனுக்கு வந்துவிட்டதாம். பனியே விழாத ஊரில் ஆளுயரப் பனியைத் தாங்கும் கூரை! நிஜமோ கட்டுக்கதையோ, தொலைவில் உட்கார்ந்து வரைகிறவர்களைப் பற்றி இதைவிடப் பொருத்தமாக ஒன்று சொல்லிவிட முடியாது.

“நிறுத்துங்கள், காலையில் கூப்பிடுகிறேன்” என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுத்து உடைந்ததைவிட அந்த மயில்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

நான் பிறந்தது திருச்சி பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவுக்கு விடியும். கல்யாணமாகி டர்பனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் ஒரு கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகி, முதலியார் ‘மூட்லி’ ஆகி, நான்காம் ஐந்தாம் தலைமுறையாகப் பெயரில் மட்டும் தமிழைச் சுமந்துகொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைகள். ‘ஆயா’, ‘தாத்தா’, ‘பெரியம்மா’, ‘ரசம்’, ‘காவடி’ எல்லாம் தெரியும். ஒரு முழு வாக்கியம் வராது. வரவழைக்கப் பார்க்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு சின்ன ரயில் நிலையம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசுலு நட்டால் மாகாணம் முழுக்க நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தண்டவாளங்கள் பல இடங்களில் அந்தரத்தில் தொங்கின. அதற்கும் முன்பே, கொரோனா ஊரடங்கின்போது ஆளில்லாத நிலையங்களில் மின்கம்பிகளை அறுத்து விற்றுவிட்டிருந்தார்கள். எங்கள் நிலையத்தில் அதன்பின் வண்டி நின்று நான் பார்க்கவில்லை. ஆனால் பாதையின் அடியில் போகும் சுரங்க நடைபாதை இருக்கிறதே, அதற்கு ஓய்வில்லை. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் இந்தப் பக்கம் டாக்சி (இங்கே டாக்சி என்றால் ஷேர் வேன்) பிடிக்க அதைத்தான் கடக்க வேண்டும். இருட்டு, ஈரம், மூத்திர நாற்றம். அந்தச் சுவரில் இந்த வட்டாரத்து மக்கள் எல்லாரையும் காட்டும்படி ஒரு படம் செய்யலாம் என்று சிலர் கிளம்பினார்கள். தமிழுக்கு என்னைக் கேட்டார்கள்.

ஊரில் ரயில் நிலையச் சுவருக்கும் பலகைக்கும் இருக்கும் மரியாதை எனக்குத் தெரியும். எங்கள் தாத்தாவுக்கு லால்குடிப் பக்கம். 1953 ஜூலையில் டால்மியாபுரம் ஸ்டேஷன் பலகையின்மேல் கருணாநிதி ‘கல்லக்குடி’ என்று தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த கதையை, தானே பக்கத்தில் படுத்திருந்ததுபோலச் சொல்வார். (படுத்திருக்கவில்லை. பாட்டி விட்டிருக்க மாட்டாள்.) அதற்கு முந்தைய வருடம்தான் பெரியார் ஸ்டேஷன் பலகைகளில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசச் சொன்னார். ஒரு டப்பா தாரும் ஒரு தூரிகையும் போதும், யார் ஊர் இது என்று கேட்டுவிடலாம்.

இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது, அதே 1953இல்தான் தென்னாப்பிரிக்காவில் தனித்தனி வசதிச் சட்டம் வந்தது. ரயில் நிலையத்து வாசல், காத்திருக்கும் அறை, பெஞ்சு, நடைமேம்பாலம் எல்லாவற்றிலும் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகைக்குச் சட்டத்தின் பலம் கிடைத்த வருடம். ஒரு கரையில் ஒரு பலகையைத் தார் பூசி அழிக்கிறார்கள், மறுகரையில் ஒரு பலகையை ஆணியடித்து மாட்டுகிறார்கள்.

இந்த நாட்டில் ரயில் நிலையத்துக்கு ஓவியம் என்றால் முதலில் சொல்வது பீர்னீஃபின் பெயரைத்தான். ஜோகன்னஸ்பர்க் பார்க் ஸ்டேஷனுக்காக 1929இல் ரயில்வே அவரிடம் கேட்டது. 1932இல் முடித்துக் கொடுத்தார். மொத்தம் 32 படங்கள். 28 நிலக்காட்சி, 4 மரங்கள். இப்போது அவை ஸ்டெல்லன்போஷில் ரூப்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கேப்டவுனுக்குப் போனபோது கணவரை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மலைகள் கத்தியால் செதுக்கியதுபோல நிற்கின்றன, மேகங்கள் கோபுரம் கோபுரமாக எழும்புகின்றன. ஆனால் அரைமணி நேரம் சுற்றியபின் என்னவோ குறைகிறதே என்று பட்டது. ஆள் இல்லை. அத்தனை பெரிய நாட்டில் மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஆடு மேய்க்கிறவர், தலையில் விறகு வைத்து நடக்கிறவள், தண்டவாளத்துக்குக் கல் உடைக்கிறவர் யாரும் கிடையாது. கறுப்பின மக்கள் நாட்டின் பெரும்பகுதியில் நிலம் வாங்குவதைத் தடுத்த 1913 நிலச் சட்டம் வந்து இருபது வருடம்கூட ஆகாத நேரம் அது. வெள்ளையர் மட்டும் நடக்கும் மண்டபத்தில், ஆளே இல்லாத நிலத்தின் படங்கள். ‘இதெல்லாம் காலியாகத்தான் கிடந்தது, வந்து எடுத்துக்கொண்டோம்’ என்று சுவர் சொல்வதுபோல இருந்தது. ஓவியர் அப்படி நினைத்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. சுவர் அப்படிச் சொல்லிவிட்டது.

அதே ஜோகன்னஸ்பர்கில் 2009இல் ‘ரியா வாயா’ பேருந்து ஓடத் தொடங்கியபோது நிலையங்களுக்கு உள்ளூர்க் கலைஞர்களிடம் படைப்புகள் கேட்டு வாங்கினார்கள். பெரிய கட்டுமானச் செலவில் 1 விழுக்காடுவரை பொதுக் கலைக்கு ஒதுக்கலாம் என்று மாநகரம் வைத்திருக்கும் கொள்கையின் பலன். ரியா வாயா என்றால் ‘நாங்கள் போகிறோம்’. பேருந்துக்கு இதைவிட நல்ல பெயர் வைக்க முடியுமா?

டர்பன்காரர்களிடம் கேட்டால் பார்க் ஸ்டேஷனை விட்டுத்தள்ளு, வாரிக்குக்குப் போ என்பார்கள். வாரிக் ஜங்ஷன் என்பது ஒரு ரயில் நிலையம், பேருந்து நிலையம், டாக்சி ரேங்குகள், அவற்றுக்கு நடுவே ஒன்பது சந்தைகள், எல்லாவற்றுக்கும் மேலே நெடுஞ்சாலைப் பாலங்கள். ஒரு நாளைக்கு நாலரை லட்சம் பேருக்குமேல் அதன் வழியாகப் போய்வருகிறார்கள் என்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது விடிவதற்குமுன் ‘மார்னிங் மார்க்கெட்’டுக்குப் போய்விடுவேன். 1910இல் தொடங்கியது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்தவர்கள் துண்டு நிலத்தில் கீரையும் கத்திரியும் போட்டு, கூடையில் சுமந்து விற்ற வழியில் வந்த சந்தை. கொத்தவரையும் புடலையும் பிஞ்சு அவரையும் அங்கேதான் கிடைக்கும். சேப்பங்கிழங்கை ‘மதும்பி’ என்று சுலு வார்த்தையில்தான் கேட்க வேண்டும்; தமிழ்க் கிழவிகளும் அப்படித்தான் கேட்கிறார்கள். பக்கத்திலேயே ப்ரூக் தெருக் கல்லறைத் தோட்டத்தில் பாட்ஷா பீர் தர்கா. காவடி எடுக்கிற குடும்பங்கள் அங்கேயும் போய்க் கும்பிட்டுவிட்டு வரும்.

அந்தப் பாலத் தூண்களில் முகங்கள் இருக்கின்றன. 2014இல் உலகக் கட்டடக் கலைஞர்கள் மாநாடு டர்பனில் நடந்தபோது, ஃபெய்த்47 என்ற பெயரில் வரையும் ஓவியர், அந்த இடத்தில் நடமாடும் சாதாரண ஆட்களின் முகங்களைத் தூண்களில் பிரமாண்டமாக வரைந்தார். நான் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. காய்கறிப் பையோடு அண்ணாந்து பார்த்து, பின்னால் வந்த கைவண்டிக்காரரிடம் திட்டு வாங்கினேன். ஊரில் தூணிலும் சுவரிலும் அண்ணாந்து பார்க்கக் கிடைப்பவை சாமியும் நடிகரும் தலைவரும்தான். இங்கே, கீழே மூட்டை தூக்குகிறவர்கள், அவர்களைப் போன்ற ஒரு முகத்தின் அடியில் மூட்டை தூக்குகிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2009இல், கால்பந்து உலகக் கோப்பை வருகிறது என்று இதே மார்னிங் மார்க்கெட்டை இடித்து ஒரு மால் கட்டத் திட்டம் போட்டார்கள். இந்திய வியாபாரிகளும் சுலு வியாபாரிகளும் சேர்ந்து தெருவில் இறங்கிய பிறகுதான் அது கிடப்பில் போனது. இடிக்கப் பார்த்த இடத்தின் முகங்கள்தான் ஐந்தாம் வருடம் விருந்தினர்களுக்குக் காட்டும் சித்திரம் ஆயின. மக்களைச் சுவரில் வரைவது சுலபம். அவர்களைச் சுவருக்குக் கீழே கடை வைத்திருக்க விடுவதுதான் கஷ்டம். வெயிலில் சாயம் மங்கி, சுவரொட்டிகள் ஒட்டி, பான் எச்சில் பட்டு அந்த முகங்கள் இப்போது கொஞ்சம் களைத்துத்தான் இருக்கின்றன. கீழே இருக்கிறவர்களும் அப்படித்தான்.

ரயிலும் நாமும் இந்தக் கரைக்கு ஒரே ஆண்டில் வந்தவர்கள் என்பதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்வேன். தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் 1860 ஜூன் 26இல் டர்பன் ஊருக்கும் ‘பாயிண்ட்’ துறைமுகத்துக்கும் நடுவே ஓடியது, மூன்று கிலோமீட்டர்தான். அதே ஆண்டு நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு வந்து சேர்ந்தது. அடுத்த ஐம்பது வருடத்தில் மொத்தம் 152,184 பேர், பெரும்பாலும் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். கரும்பு வெட்டியதோடு நிற்கவில்லை. நட்டால் ரயில்வேக்கும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். பாதை போட்டார்கள், கல் கொட்டினார்கள், பெட்டி கழுவினார்கள், கரி அள்ளினார்கள்.

சரி, நட்டால் ரயில் நிலையத்தில் நினைவுச் சின்னமாக யார் இருக்கிறார்? பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்ப் பாருங்கள். செங்கல் கட்டடம், இரும்புப் பூவேலை, பிளாட்பாரத்தில் ஒரு கல்வெட்டு. 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த ஓர் இளம் வக்கீலை இங்கே இறக்கிவிட்டார்கள். அவர் குளிரில் உட்கார்ந்திருந்த காத்திருப்பு அறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2018இல், 125ஆம் ஆண்டுக்கு, ஒரு மார்பளவுச் சிலையும் வந்தது. ஒரு பக்கம் கோட்டும் டையுமாக மோகன்தாஸ், மறுபக்கம் மகாத்மா. நல்ல யோசனைதான். சுற்றிவந்தால் ஆள் மாறுகிறார். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளையெல்லாம் அங்கே அழைத்துப் போவேன். எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள்.

போன முறை வந்த என் மைத்துனர் மகள், பன்னிரண்டு வயது, கேட்டாள்: “அத்தை, அந்தப் பெட்டியை அன்னைக்குக் காலையில கழுவினது யாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இறக்கிவிடப்பட்டவரின் பெயர் கல்லில் இருக்கிறது. பெட்டியைக் கழுவியவர் நம் ஆளாகவே இருந்திருக்கலாம், ஒரு நம்பரோடு. ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. இன்றைக்கும் குடும்பங்கள் அதை வைத்துத்தான் பாட்டன் பூட்டனைத் தேடுகின்றன. அதைவிட என்னைத் தைப்பது வேறொன்று. அதே ஊர்ச் சிறையில்தான் காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் கைதான டிரான்ஸ்வால் மாகாணத் தமிழ்ப் பெண்களை அடைத்தார்கள். தில்லையாடி வள்ளியம்மையும் அங்கேதான் இருந்தாள். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல், பதினாறு வயதில் போய்விட்டாள். ஊரில் அவள் பெயரில் தெரு இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. அந்த நிலையத்துக்குள் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. அவளும் அந்த ரயில் பாதையில்தானே போய்வந்திருப்பாள்?

காந்திமேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நிலையத்தில் நினைவு வைக்கும்போது பயணியோடு நின்றுவிடுகிறார்களே என்பதுதான்.

அதனால்தான் எங்கள் சுரங்கப்பாதைக்கு ஒரு சொல் கொடுங்கள் என்று கேட்டபோது, ‘வணக்கம்’ வேண்டாம், ‘நல்வரவு’ வேண்டாம், ‘வேலை’ என்று போடுங்கள் என்றேன். அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எல்லா மொழியிலும் அதையே போடலாம் என்றார்கள். சுலுவில் ‘உம்செபென்ஸி’. தெலுங்கில் ‘பனி’, நம் ‘பணி’யின் தங்கச்சி. இந்தியில் ‘காம்’, குஜராத்தியில் ‘காம்’, உருதுவில் ‘காம்’. மூன்றும் ஒன்றுதானே, ஒன்றை மட்டும் போட்டால் போதாதா என்று ஓர் இளைஞர் வெள்ளந்தியாகக் கேட்டார். கூட்டத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். எழுத்து வேறல்லவா! அடுத்தது எது மேலே, எது கீழே. மொரீஷியஸில் 1998இல் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டு, தமிழர்கள் கொதித்து, அச்சடித்த நோட்டையே திரும்பப் பெற்றார்கள். அதை எடுத்துச் சொல்லி எல்லாரையும் பயமுறுத்தினேன். கடைசியில் வரிசையே வேண்டாம், சொற்களை இறைத்துவிடுவோம் என்று முடிவானது.

அதற்குப் பின்னால் வந்ததுதான் அந்த ராத்திரிப் படம். சொல் வேலை, படம் மயில்.

மறுநாள் நேராக ஆயா வீட்டுக்குப் போனேன். என் வகுப்புப் பையன் ஒருவனின் கொள்ளுப்பாட்டி. எண்பத்தாறு வயது. தொழிலாளர் குடியிருப்பான டர்பன் ரயில்வே பாரக்ஸில் பிறந்தவர். 1924இல் ‘நாகரிக உழைப்பு’க் கொள்கை என்று ஒன்று கொண்டுவந்து, ரயில்வேயில் இந்தியர், ஆப்பிரிக்கர் பார்த்த வேலைகளை ஏழை வெள்ளையருக்குக் கொடுத்தார்கள். அதிலும் தப்பி நின்ற கொஞ்சம் பேரில் ஆயாவின் அப்பாவும் ஒருவர். சாட்ஸ்வொர்த்துக்கு இவர்கள் வந்தது அறுபதுகளில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டம் துரத்தியபோது.

போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“மயிலா? பாரக்ஸ்ல ஏது கண்ணு மயிலு? மைனாதான். கூரை பூரா மைனா. எங்கம்மா வடகம் காயப்போட்டா குச்சியோட ஒக்காந்துருக்கணும்.”

“அப்பா என்ன வேலை பார்த்தார் ஆயா?”

“பெட்டி கழுவுவாரு. பினாயில் வாசனையோட வருவாரு. தெருமுனையில அந்த வாசனை வந்தா நாங்க பாயை விரிச்சிருவோம்.”

இந்திய மைனா இந்த நாட்டுப் பறவை இல்லை. 1902 வாக்கில் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய சிலவற்றின் சந்ததிதான் இன்று ஜோகன்னஸ்பர்க்வரை பரவிக் கிடக்கிறது. ‘அந்நியப் பறவை, தொல்லை’ என்று சொல்வார்கள். அது பாட்டுக்கு டாக்சி ரேங்கில் சிந்திய சோற்றைக் கொத்திக்கொண்டு, ஸ்டேஷன் கூரையில் கூடு கட்டிக்கொண்டு இருக்கிறது. ஆயா சொன்ன நொடியே மயில் போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் என்னையே கொஞ்சம் கேட்டுக்கொள்ளவும் செய்தேன். மயில்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு? மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1898இல் கிறிஸ்டப்ப ரெட்டி கட்டிய பிள்ளையார் கோயிலுக்குப் போனால், கரும்பாலைக் கூலிகளின் ஊரில் சுண்ணாம்பையும் செங்கலையும் வைத்து ஒரு மனிதன் என்னவெல்லாம் செய்திருக்கிறான் என்று வாய் பிளக்கத் தோன்றும். அந்தக் கூலிகள் தங்கள் கையால் தங்களுக்குச் செய்துகொண்ட கலை அது. அங்கே மயில் இருந்தால் அது அவர்களின் மயில். சிங்கப்பூர் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில், 2003இல் திறந்தபோதே, எஸ். சந்திரசேகரன் என்ற கலைஞர் நாட்டார் கலை வடிவங்களை வைத்துச் செய்திருக்கிறார். வழியில் இறங்கிப் பார்த்தபோது அங்கேயும் எனக்கு உறுத்தவில்லை. ‘இந்தியர் என்றால் மயில்’ என்று எங்கோ ஒரு படத்தொகுப்பில் தேடி எடுத்து ஒட்டுவதுதான் உறுத்துகிறது. இந்த வேறுபாட்டை அந்தக் கூட்டத்தில் விளக்க முயன்று தோற்றேன். கடைசியில் “ஆயா மைனா என்கிறார்” என்றேன். அது போதுமானதாக இருந்தது. இந்த ஊரில் ஆயாவுக்குமேல் அப்பீல் கிடையாது.

எழுத்துக்கு வருகிறேன். ஆயாவிடம் ஒரு தாளைக் கொடுத்து ‘வேலை’ என்று எழுதச் சொன்னேன். வெர்னாகுலர் ஸ்கூல் என்ற தாய்மொழிப் பள்ளியில் நாலு வருடம் படித்தவர். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில், சம்பளம் வாங்காத வாத்தியாரிடம். விரல் நடுங்க ‘வே’ போட்டார். அடுத்து அவர் எழுதிய எழுத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். பழைய ‘லை’. ‘ல’வின் தலையில் தும்பிக்கை தூக்கி நிற்குமே, அது.

நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் பழைய புத்தகத்தில்தான் பார்த்திருப்பீர்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் அந்தத் தும்பிக்கை இருந்தது. பெரியார் முப்பதுகளிலேயே தன் பத்திரிகையில் அதை வெட்டினார், 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு முடித்துவைத்தது. நான் பள்ளிக்கூடம் போனபோது ஒழிந்துவிட்டது. ஆயாவுக்கு அந்த ஆணை வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டார் என்பது வேறு.

‘பிள்ளைகளுக்குப் புரியாதே’ என்று ஒரு குரல் கூட்டத்தில் எழுந்தது. நியாயமான கேள்விதான், நானே வகுப்பில் புது ‘லை’தானே சொல்லிக்கொடுக்கிறேன்? என் தாத்தா பெரியார் கட்சி. அவர் ஆவி என் தோளில் உட்கார்ந்து ‘பிற்போக்கு’ என்று முணுமுணுத்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. கணினியில் சட்டென்று அடிக்க முடியாத எழுத்து, எனவே கணினியால் உடைக்கவும் முடியாத எழுத்து!

பெயின்ட் அடிக்க முடியாது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. சுரங்கப்பாதைச் சுவரில் பின்னாலிருந்து நீர் கசிகிறது. அந்த நீரோடு வரும் உப்பு வெள்ளையாகப் பூத்து, எந்தப் பெயின்ட்டையும் ஆறு மாதத்தில் அப்பளம்போல உரித்துவிடும். அதனால் உடைந்த டைல் பதிக்கலாம் என்று முடிவு. வட்டாரத்துப் பிள்ளைகள், பாதி சுலு, பாதி நம்மவர்கள், கோயில் கூடத்துத் தரையில் பழுப்புத் தாளை விரித்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, இடுக்கியால் டைலைக் கொறித்துக் கொறித்துப் போட்டார்கள். அந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டைல் துண்டுகளின் முகம் தாளில் படும்படி கவிழ்த்து ஒட்ட வேண்டும். பிறகு தாளோடு தூக்கிச் சுவரில் சாந்தின்மேல் அழுத்தி, காய்ந்ததும் தாளை நனைத்து உரிக்க வேண்டும். அப்படியானால் தாளில் எழுத்தை இடம் வலம் மாற்றி வரைந்தால்தான் சுவரில் நேராக வரும்.

பழைய ‘லை’யே யாருக்கும் தெரியாது. அதை இடவலமாக வேறு. நான் வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். பதினான்கு வயது சுலுப் பையன் ஒருவன், டைல் வெட்டுவதில் அவன்தான் கெட்டி, “டீச்சர், இதில் எது முன்பக்கம்?” என்று கேட்டான். சத்தியமாக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயா, கைப்பையைத் திறந்து பொட்டு வைக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். தாளுக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“தும்பிக்கை தொங்குது. ஏத்து.”

ஏற்றினேன்.

“இன்னும்.”

ஏற்றினேன். கண்ணாடிக்குள் எழுத்து நிமிர்ந்தது. பையன் அதை எட்டிப் பார்த்து, “இண்ட்லோவு” என்றான். சுலுவில் யானை. அதன்பின் அந்த எழுத்துக்கு எல்லாரும் வைத்த பெயர் அதுதான். ‘இண்ட்லோவுக்குச் சாம்பல் நிற டைல் பத்தாது’, ‘இண்ட்லோவு காயவில்லை, தொடாதே’.

சுவரில் ஏறி இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மைனாவின் மஞ்சள் மூக்கில் இரண்டு துண்டு விழுந்துவிட்டது. ‘காம்’கள் மூன்றில் ஒன்றின் ஓரத்தில் உப்புப் பூக்க ஆரம்பித்திருக்கிறது, எது என்று சொல்ல மாட்டேன். நாற்றம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. விளக்கு போடுகிறேன் என்றவர்கள் இன்னும் போடவில்லை. வண்டியும் வரவில்லை.

போன வாரம் ஆயா படம் எடுத்து வரச் சொன்னார். முட்டி வலியில் படி இறங்க முடியவில்லையாம். போனேன். ‘வேலை’க்கு நேர் கீழே ஒரு சுலு அம்மாள் வேகவைத்த சோளக்கதிர் விற்றுக்கொண்டிருந்தார். கவிழ்த்த பால் பெட்டி ஒன்றின்மேல் ஆள் இடுப்பளவுக்குச் சோளப் பானை, அதன்மேல் துணி மூட்டை. ‘லை’யில் முக்கால் பாகம் மறைந்துவிட்டது. கொஞ்சம் நகர்த்த முடியுமா, ஒரே ஒரு போட்டோ என்றேன். கொதிக்கிற பானையை நகர்த்தச் சொல்கிறாயே என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் கதிர் வாங்கு என்றார். இரண்டு வாங்கினேன். பானையை நகர்த்தவில்லை; மூட்டையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையில் சூடான கதிரோடு, மறு கையால் எடுத்த படம். ஆவியில் பாதி மங்கல். ‘வே’ தெரிகிறது. அப்புறம் பானை. பானைக்குமேலே, நன்றாகத் தேடினால், ஒரு தும்பிக்கை.